முழங்காலுக்குச் சேர்த்த காசு

கண்டக்குழி
04.09.2022

அன்புள்ள தம்பி ஸப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு எத்தனை தரம் கோல் எடுத்தும் போன் ஓஃப் என்றே சொல்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றைச் சரியோடு நிற்கிறது. கழகப் பொருளாளராக உதைபந்தாட்ட லீக்குக்கு எழுதுவதைத் தவிர நான் கடிதம் எழுதிக் காலமாகிவிட்டது. ஹிஷாம் புத்தளம் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் ஒப்பரேஷனுக்காக நாங்கள் வைத்த உதைபந்தாட்டப் போட்டி நன்றாக நடந்தது. எட்டு அணிகள் வந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டுகள் எல்லாம் கரையில் கிடக்கிற இந்தக் காலத்தில் அவ்வளவு சனம் வருமென்று நான் நினைக்கவில்லை. வந்தவர்கள் சும்மா போகவில்லை. மைதான வாசலில் கடலை விற்கிற உம்மு குல்சூம் மாமி அன்றைய யாவாரம் முழுவதையும் நம் உதவிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்குப் போனா. ஐந்து வருடம் நம் கோலைக் காத்த கால் அது என்று ஊருக்குத் தெரியும்தானே.

மற்றப்படி கழகத்தின் பாடு உனக்குத் தெரியாததல்ல. சந்தா கேட்டுப் போனால் பொடியன்கள் தலையைக் குனிகிறார்கள், நானும் குனிந்துகொண்டு திரும்புகிறேன். ஜேர்சி எடுத்துத் தருகிற லொட்ஜ் மூடிக் கிடக்கிறது, வெள்ளைக்காரர் யாரும் வருவதில்லை. லீக்கிலிருந்து கடைசி அறிவித்தல் வந்திருக்கிறது. இரண்டு வருடப் பாக்கியையும் இந்த வருடக் கட்டணத்தையும் பதினைந்தாம் திகதிக்குள் கட்டாவிட்டால் பிரைட் வேவ்ஸ் என்ற பெயரை வெட்டிவிடுவார்களாம். பெயர் போனால் மைதானமும் போகும். பக்கத்துக் காணிக்காரர் ஏற்கெனவே வேலிக் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கி வைத்திருக்கிறார்.

அது என் கவலை, உனக்கு வேண்டாம். நீ காலைப் பார். ஒப்பரேஷனுக்கு எப்போது திகதி தருவார்கள்? அவசரமாகத் தருவார்களா, கொஞ்சம் செல்லுமா? அறிந்து எழுது.

இப்படிக்கு,
இனாஸ் நானா

*

புத்தளம்
09.09.2022

இனாஸ் நானாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். போனை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். காரணம் உங்கள் பொஸ்டர்.

நான் வார்டில் வாயைத் திறந்தபடி தூங்குகிறேன், வீங்கிய கால் தலையணை மேல் கிடக்கிறது, கீழே 'உதவுங்கள்' என்று சிவப்பு எழுத்து. யார் அந்தப் படத்தை எடுத்தது? யாரிடம் கேட்டு எடுத்தது? ஃபேஸ்புக்கில் அதைப் பார்த்தவர்கள் கட்டாரிலிருந்தெல்லாம் கோல் எடுத்து 'பாவம்' என்றார்கள். புத்தளம் பஸ் நிலையத்தின் மதிலிலும் ஒட்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியை விட்டு வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒருவர் என் சட்டைப் பைக்குள் நோட்டைச் செருகினார். "காலுக்கு வைங்க தம்பி" என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார். ஊன்றுகோலோடு துரத்திப் போக முடியுமா? அந்த நோட்டை அங்கேயே உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டிலேயே தொழுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. ஒக்டோபர் ஐந்தாம் திகதி கொழும்பில் ஒப்பரேஷன். செய்வது இலவசம். ஆனால் காலுக்குள் வைக்கிற ஆணியும் சாமானும் ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்கிக் கொண்டு வரச் சொல்கிறார்கள். ஸ்கேனுக்கு மச்சான், மர்ளியா ராத்தாவின் புருஷன், உப்பளத்தில் முற்பணம் எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் இரண்டு நேரம்தான் அடுப்பு எரிகிறது, அதில் நானும் ஒரு வாய். அதனால் கேட்கிறேன். சேர்ந்த காசை ராத்தாவின் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.

பொஸ்டரைக் கிழித்துவிடுங்கள்.

ஸப்ராஸ்

*

கண்டக்குழி
19.09.2022

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பொஸ்டரைக் கண்ட இடத்தில் எல்லாம் கிழித்துவிட்டோம். படம் எடுத்தது நான்தான். சனத்தின் மனம் இளக வேண்டும் என்று மட்டும் யோசித்தேன். நீ பார்ப்பாய் என்று யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஹிஷாமிடம் ஒரு தொகை கொடுத்துவிட்டிருக்கிறேன். இது ஒரு பகுதிதான். மிச்சத்துக்குக் கமிட்டி கூட வேண்டியிருக்கிறது. பெட்டிகள் இரண்டு மூன்று பேரின் கையில் இருந்தன, கணக்கை ஒன்றாக்கித்தான் கொடுக்க வேண்டும், பிறகு ஒரு கதை வரக்கூடாது பார். நீ குழம்ப வேண்டாம்.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. நாம் லீக்கில் இருக்கிறோம். சனிக்கிழமை முதல் ஆட்டம், இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். ஹிஷாம் இரண்டு கோலையும் அடித்தான். உன் இடத்தில் நிற்கிற பொடியன் பந்து வரும்போது கண்ணை மூடுகிறான், ஆனாலும் சமாளித்தான். பக்கத்துக் காணிக்காரர் வேலிக் கட்டைகளைத் திருப்பி ஏற்றிக் கொண்டு போனார். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

இங்கே மழை தூறத் தொடங்கிவிட்டது. எழுத வேறொன்றுமில்லை.

இனாஸ் நானா

*

புத்தளம்
30.09.2022

இனாஸ் நானாவுக்கு,

நீங்கள் அனுப்பியது ஆணிக்கே காணாது. அதையும் பொறுத்துக்கொண்டு இருந்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் 'நாம் லீக்கில் இருக்கிறோம்' என்பதைப் பல தரம் படித்தேன். சந்தா இல்லை, ஜேர்சிக்காரர் இல்லை என்று அதற்கு முந்திய கடிதத்தில் எழுதியவரும் நீங்கள்தான்.

ஹிஷாமிடம் கேட்டேன். "எனக்குத் தெரியா, நானாட்ட கேளு" என்றான். அவன் ஒருநாளும் என் முகத்தைப் பார்க்காமல் கதைத்ததில்லை.

நேற்று ராத்தா கண்டக்குழிக்கு வந்ததை நீங்கள் அறிவீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இறங்கி, மழையில் உங்கள் வீட்டு வாசலுக்கு நடந்திருக்கிறா. கதவைத் திறந்தது உங்கள் மகள் றுஷ்னா. "வாப்பா வீட்ட இல்ல" என்று சொன்னதாம் பிள்ளை. ராத்தா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தா. உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது. மண் இன்னும் காயவில்லை என்று ராத்தா சொன்னா. மோட்டார் சைக்கிளும் நின்றது.

ராத்தா கோபப்படவில்லை. "அந்தப் புள்ளய பொய் சொல்ல வச்சிட்டேனே, நான் போயிருக்கப்படாது" என்று சொல்லி அழுதா. அவ எதற்கு அழ வேண்டும்?

ஐந்தாம் திகதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. காசு எங்கே?

ஸப்ராஸ்

*

கண்டக்குழி
04.10.2022

ஸப்ராஸ்,

உன் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். நாளை உன் திகதி. இது உன் கையில் கிடைக்கும்போது திகதி போய்விடும் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

காசை லீக்குக்குக் கட்டிவிட்டேன்.

அதை எங்கள் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். பதினைந்தாம் திகதி காலையில் யாரிடமாவது கடன் வாங்கலாம் என்று புறப்பட்டேன். குறிஞ்சிப்பிட்டி வெங்காயக்காரரிடம் போனேன், உரம் இல்லாமல் தோட்டமே செய்யவில்லை என்றார். என் எஞ்சினை விற்கக் கேட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் எஞ்சினை யார் வாங்குவார், ஒருவன் முகத்துக்கு நேரே சிரித்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். "அது அந்தத் தம்பிட சல்லியல்லவா" என்று கேட்டாள். "தெரியும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். கமிட்டியில் இரண்டு பேருக்குச் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள். ஆனால் சாவி என்னிடம் இருந்தது, காசைக் கொண்டுபோனது நான். அவர்களை இதற்குள் இழுக்கவில்லை. கட்டி மிஞ்சியதைத்தான் ஹிஷாமிடம் உனக்குக் கொடுத்துவிட்டேன்.

ஸப்ராஸ் திரும்பி வந்து நிற்கக் கழகம் வேண்டும், ஆகவே இதுவும் அவனுக்காகத்தான் என்று பஸ்ஸில் போகும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பற்றுச்சீட்டை வாங்கி வெளியே வந்தபோது மனம் லேசாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. உனக்குத் திகதி இவ்வளவு கிட்ட வருமென்று நினைக்கவில்லை, அதற்குள் திருப்பி வைக்கலாம் என்று இருந்தேன். உன் திகதி எழுதிய கடிதத்தை ஹிஷாம் பத்தாம் திகதியே என் கையில் தந்துவிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை வாசித்த பிறகும்தான் கட்டினேன்.

ராத்தா வந்தபோது நான் அறைக்குள் கதவின் பின்னால் நின்றேன். றுஷ்னாவுக்கு ஏழு வயது. ராத்தா போன பிறகு அவள் வந்து, "வாப்பா, நான் சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

எஞ்சினை எந்த விலைக்காவது கொடுத்துக் காசை அனுப்புகிறேன். கொஞ்சம் தவணை கொடு. ஊருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம்.

இனாஸ்

*

புத்தளம்
10.10.2022

இனாஸ் நானா,

திகதி போய்விட்டது. சாமான் இல்லாமல் வந்தால் கட்டில் தர முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது ஜனவரியில்.

எஞ்சினை விற்க வேண்டாம். அதை விற்றால் உங்கள் வீட்டில் என்ன சமைப்பது? றுஷ்னாவின் வாயிலிருந்து எடுத்த சாப்பாட்டில் என் கால் நிமிர வேண்டாம்.

'ஊருக்குத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் சல்லியை எடுத்துவிட்டு ஒப்பரேஷன் செய்யாமல் இருக்கிறேனாம். மச்சான் அந்தச் சல்லியில் த்ரீவீலருக்கு முற்பணம் கட்டிவிட்டாராம். ராத்தாவிடம் சந்தையில் வைத்து ஒரு பெண் கேட்டிருக்கிறா, "எங்கட சல்லி நல்லாப் பிரயோசனப்பட்டிச்சா?" என்று. காசை எடுத்தது நீங்கள், கள்ளப் பெயர் எனக்கு. நீங்கள் வாய் திறக்காமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் ஊறிக்கொண்டு போகிறது.

இரகசியமாக வருகிற காசு எனக்கு வேண்டாம். ஆர் தந்தார்களோ அவர்களுக்கு முன்னால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு காசு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சனிக்கிழமை நாம் வென்றோம் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் காசில் ஆடிய ஆட்டம் என்று தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் முழுதாகப் போகவில்லை. என்னை நினைக்க எனக்கே வெட்கம்.

ஸப்ராஸ்

*

கண்டக்குழி
31.10.2022

அன்புள்ள தம்பி ஸப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சொல்லிவிட்டேன்.

முதலில் பள்ளியில் சொல்லத்தான் நினைத்தேன். இருபத்தொராம் திகதி ஜும்ஆ முடிந்ததும் எழும்பினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். "மீன்பாடு நல்லா அமையோணும் எண்டு எல்லாரும் துஆச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆமீன் என்றார்கள். அன்று பகல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அடுத்த நாள் நம் மைதானத்தில் ஆட்டம். அணிகள் இறங்குவதற்கு முதல் அறிவிப்பாளரிடம் மைக்கை வாங்கினேன். "ஸப்ராஸ்ட காலுக்கு நீங்க தந்த சல்லிய நான் லீக்குக்குக் கட்டிட்டன். அவர்ட கைக்குப் போனது கொஞ்சம். அவர் களவெடுக்கல்ல, அவர்ட மச்சானும் எடுக்கல்ல. எடுத்தது நான்" என்றேன். இவ்வளவும்தான் வந்தது. எழுதிக் கொண்டுபோன தாள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

ஏசுவார்கள், கல்லாவது எறிவார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை. எழும்பி எழும்பிப் போகத் தொடங்கினார்கள். சிலர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், அவர்கள் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். உம்மு குல்சூம் மாமி மட்டும் கூடையோடு எனக்கு முன்னால் வந்து நின்றா.

"என்ட ஒரு நாள் யாவாரம், அது போகட்டும்" என்றா. "அந்தப் புள்ள சல்லிய அமுக்கிட்டான் எண்டு நானும் நாலு பேர்ட்ட கதைச்சன். இனி அதை எப்பிடி நான் திருப்பி எடுக்கிற? சொல்லுங்க."

மாமி அந்த நாலு பேரின் வீட்டுக்கும் போய் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று ஆட்டத்தில் தோற்றோம். முடிந்ததும் பொடியன்கள் உடுப்பு மாற்றாமல் புல்லில் வட்டமாக இருந்தார்கள். லீக் கட்டிய காசைத் திருப்பித் தராது, வேறு வழி என்ன என்று கதை வந்தது. ஹிஷாம்தான் சொன்னான். புத்தளத்துக் கழகம் ஒன்று அவனை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. "என்னை விடுங்க. விடுறதுக்கு அவங்க தாற சல்லிய ஸப்ராஸுக்குக் குடுங்க" என்றான். அவன் இல்லாவிட்டால் கோல் அடிக்க ஆளில்லை, இந்தப் பருவம் முழுவதும் தோற்கத்தான் வேண்டும் என்று ஒருவன் சொன்னான். "தோப்பம்" என்றான் இன்னொருவன். ஹிஷாமோடு நடுக்களத்தில் ஆடுகிற இருவரும் தாங்களும் போகிறோம் என்று கையை உயர்த்தினார்கள்.

மூவரையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். புத்தளத்துக் கழகம் காசை நேரே ராத்தாவின் கையில் கொடுக்கும். என் கையால் வர வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். பொருளாளர் பதவியை விடுகிறேன் என்றும் சொன்னேன். எடுக்க ஆளில்லை. "நீங்களே செய்யுங்க, ஆனா மாதம் மாதம் கணக்க பலகையில எழுதி வாசல்ல போடுங்க" என்றார்கள். போட்டிருக்கிறேன். எல்லோரும் நின்று வாசிக்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்பதில்லை.

றுஷ்னாவிடமும் சொன்னேன், அன்று நீ சொன்னது பொய், சொல்ல வைத்தது வாப்பா என்று. "தண்ணி குடிச்ச மாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அன்று மாலை முழுவதும் அவள் என் பக்கத்தில் வரவில்லை.

இனாஸ் நானா

*

புத்தளம்
29.01.2023

இனாஸ் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒப்பரேஷன் முடிந்தது. கால் நிமிர்கிறது, மடக்கத்தான் வலி. கோலில் நிற்பதைப் பற்றி இப்போது கேட்காதே என்று டொக்டர் சொன்னார். நானும் கேட்கவில்லை.

ஹிஷாம் வார்டுக்கு வந்தான். நன்றி சொல்லப் பார்த்தேன், "வாய மூடிட்டு இரி" என்றான். நம் கழகம் ஆறு கோல் வாங்கிய கதையைச் சொன்னான். அந்த ஆறில் இரண்டை அடித்தவன் அவன். நமக்கு எதிராக ஆடிய அன்று பந்து காலில் கனத்ததாகச் சொன்னான்.

கண்டக்குழியிலிருந்து இரண்டு பேர் ராத்தாவின் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுப் போனார்கள். ராத்தா தேத்தண்ணி கொடுத்தா.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்று ராத்தா சொல்கிறா. மனதில் வராததை எழுத எனக்கு வராது. நீங்கள் சொன்னீர்கள், அது பெரிய விசயம். அதை மட்டும் எழுதுகிறேன்.

ஸப்ராஸ்

*

கண்டக்குழி
27.02.2023

அன்புள்ள தம்பி ஸப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை உன்னைக் கண்டேன்.

காலையில் நான் தனியாக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பருவத்தின் கடைசி ஆட்டம். நாம் அட்டவணையின் அடியில் கிடக்கிறோம், அடுத்த வருடம் இரண்டாம் பிரிவுதான். கோடு போட வர முன்பெல்லாம் பொடியன்கள் நான் நீ என்று அடிபடுவார்கள். இப்போது கேட்டால் வருவார்கள், நான்தான் யாரையும் கேட்பதில்லை.

தலையை நிமிர்த்தியபோது நீ வாசலில் பலகைக்குக் கிட்ட நின்றாய். ஊன்றுகோல் இல்லாமல் நின்றாய். நான் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. குனிந்து, போட்ட கோட்டின் மேலேயே திரும்பக் கோடு போட்டேன். உன் முகத்தை நேரே பார்க்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. ஊருக்கு முன்னால் மைக்கில் சொன்னவனுக்கு உன் ஒருவனுக்கு முன்னால் வர முடியவில்லை.

பிறகு பார்த்தால் நீ இல்லை. புத்தளம் பஸ் போகிற சத்தம் கேட்டது. அவ்வளவு தூரம் வந்த உன்னை ஆட்டம் பார்க்காமல் திரும்ப வைத்துவிட்டேன். இதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்று ஒன்றுக்கு ஒன்று, சமநிலை. கண்ணை மூடுகிற பொடியன் ஒரு பெனால்டியைப் பிடித்தான்.

இனாஸ் நானா

*

புத்தளம்
05.03.2023

இனாஸ் நானாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் திரும்பிப் போனது உங்களால் அல்ல. உங்களோடு கதைக்கத்தான் வந்தேன். பலகையில் வரவுசெலவைப் படித்தேன். 'ஸப்ராஸ் சத்திரசிகிச்சை' என்று என் பெயரைக் கண்டதும், ஆட்டத்துக்கு வருகிற சனமெல்லாம் முதலில் அதையும் பிறகு என் காலையும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. மூன்று பேரைக் கொடுத்து நிமிர்த்திய கால். அதோடு உள்ளே வர வெட்கமாக இருந்தது. ஓடி வந்து பஸ் ஏறினேன். ஓட முடிகிறது என்பதை பஸ்ஸுக்குள் இருக்கும்போதுதான் உணர்ந்தேன்.

பெனால்டி பிடித்த பொடியனுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள். பந்து வரும்போது அடிக்கிறவனின் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், கண் தானாகத் திறக்கும். வேண்டாம், நானே சொல்கிறேன்.

வாசலிலிருந்து பார்க்கும்போது நீங்கள் போட்ட கோடு மூலைக்கொடிப் பக்கம் வளைந்து போயிருந்தது. கயிற்றின் ஒரு முனையை முளையில் கட்டிவிட்டுத் தனியாக இழுத்தால் அப்படித்தான் வளையும். அடுத்த பருவம் தொடங்குகிற காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். மற்ற முனையை நான் பிடிக்கிறேன். கோடு போட்டு முடியும் வரைக்கும் நாம் ஒன்றும் கதைக்க வேண்டியதில்லை.

ஸப்ராஸ்